கார்த்திகை ஒன்றாம் தேதி ஆரம்பித்த பவுடர்

மார்கழி பதினோராம் தேதி காலை பத்தே முக்காலுக்கு அந்த ரிப்போர்ட் போனில் வந்து விழுந்தது. அருள்பாண்டி அப்போது ஆரப்பாளையத்தில் இருக்கும் தன் பேட்டரி கடையில் ஒரு லோடு ஆட்டோவின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். டெஸ்டோஸ்டிரோன், நானூற்று முப்பத்தெட்டு. "சாமியே சரணம் ஐயப்பா!" என்று அவன் போட்ட சத்தத்தில், பேட்டரிதான் வெடித்துவிட்டது என்று நினைத்து ஆட்டோக்காரர் ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

அவன் கத்தியதிலும் தப்பில்லை. ஐப்பசியில் இதே ஆளுக்கு இதே டெஸ்ட்டில் இருநூற்று நாற்பத்தொன்று. முந்நூறுக்குக் கீழே போனால் அந்த லேப்காரர்கள் எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுப்பார்கள். அந்தத் தடித்த எழுத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முப்பத்து நாலு வயது மனுசன் ஒரு மாதம் தலையைத் தொங்கப்போட்டுத் திரிந்தான். கல்யாணமாகி ஆறு வருசம். குழந்தை இல்லை. அதுவரைக்கும் குறை தன் பக்கம் இருக்கலாம் என்ற நினைப்பை அவன் ஒரு நிமிசம்கூடக் கிட்டே அண்ட விட்டதில்லை. ஆம்பளைகளுக்கு அந்த நினைப்பு அவ்வளவு சுலபத்தில் வந்துவிடுமா என்ன!

அப்போதுதான் காசிமாயன் உள்ளே புகுந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு; இப்போது பைபாஸ் பக்கம் ஜிம் வைத்திருக்கிறான். மற்றவர்களிடம் சொல்ல முடியாததை அருள்பாண்டி அவனிடம் சொன்னான். காசிமாயன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவனைப் பாராட்டலாம். மறுநாள் ஒரு பெரிய டப்பாவோடு கடைக்கு வந்து நின்றான்.

"மாப்ள, இது அமினோ ஆசிட்டு. டி-அஸ்பார்ட்டிக். நம்ம ஒடம்புல ஏற்கெனவே இருக்குறதுதான், கூடக் கொஞ்சம் குடுக்குறோம். இது மூளைக்குப் போயி ஒரு தட்டு தட்டும். மூளை கீழ ஆர்டர் போடும். ஹார்மோன் பிச்சுக்கிட்டுப் போவும் பாரு. சயின்ஸு மாப்ள, ஆராய்ச்சி பண்ணிருக்காய்ங்க."

"கவுச்சி கலந்துருக்குமா? நான் மாலை போடப் போறேன்டா."

காசிமாயன் டப்பாவைத் திருப்பி அடியில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினான். "சுத்த சைவம்."

ஐப்பசியில் இன்னும் பத்து நாள் மிச்சம் இருந்தது. அன்றைக்கே ஒரு ஸ்பூன் கலக்கிக் குடித்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் நம் ஆளுக்கு எதைத் தொடங்கினாலும் நல்ல நாள் வேண்டும். புதுக் கடை திறந்ததும் நல்ல நாள், பழைய வண்டியை விற்றதும் நல்ல நாள். கார்த்திகை ஒன்றை விட்டால் நல்ல நாள் ஏது? அன்று காலையில் குளித்து, மாலை போட்டு, கறுப்பு வேட்டி கட்டி, ஐயப்பன் படத்துக்குப் பக்கத்தில் அந்த டப்பாவை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டி, பிறகுதான் முதல் ஸ்பூன்.

அன்றிலிருந்து அவனை எல்லோரும் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெற்ற தாய் சின்னத்தாயும் சாமி என்றாள், பெண்டாட்டி திவ்யாவும் சாமி என்றாள். விடிவதற்கு முன் பச்சைத்தண்ணீர்க் குளியல். கறி இல்லை, பாட்டில் இல்லை, பீடி இல்லை, சீட்டுக்கச்சேரி இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம். காலையும் சாயங்காலமும் பஜனை, நடுவில் பவுடர். இப்படியே நாற்பது நாள். அதற்கப்புறம்தான் இந்த நானூற்று முப்பத்தெட்டு. ஹார்மோன் ஏறி நிற்கிறது, ஆள் முன்னறைப் பாயில் தனியாகக் கிடக்கிறான். இதில் இருக்கும் வேடிக்கையை அவன் கவனிக்கவில்லை. சந்தோசத்தில் இருப்பவனுக்கு எது கண்ணில் படுகிறது!

முதல் போன் காசிமாயனுக்கு. "சொன்னனா இல்லையா! பவுடருடா மாப்ள, பவுடரு! ஐயோ, சாமி, மன்னிச்சுக்கங்க சாமி. ரெண்டாவது டப்பா எடுத்து வைக்கவா?"

அடுத்த போன் கீழக்குயில்குடிக்கு, வீட்டுக்கு. அம்மாவிடம் அந்த இருநூற்று நாற்பத்தொன்றை அவன் சொன்னதே இல்லை. இதை மட்டும் சொன்னான். "யம்மா, எனக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்காம். எனக்கு ஒண்ணுமே இல்லையாம்."

"ஐயப்பா!" என்று போனிலேயே அழுதுவிட்டாள் சின்னத்தாய். "எனக்குத் தெரியும் சாமி. எம் வயித்துல பொறந்ததுக்கு எப்புடிக் குறை வரும்?"

பவுடரா, ஐயப்பனா? மத்தியானம் வரைக்கும் அருள்பாண்டி கல்லாவில் உட்கார்ந்து இதையே யோசித்தான். பவுடர் என்றால் மலைக்குப் போய் வந்த பிறகும் குடிக்க வேண்டும். ஐயப்பன் என்றால் மாலையைக் கழற்றியதும் நம்பர் இறங்கிவிடுமோ என்று ஒரு பயம். இரண்டும் சேர்ந்துதான் என்றால் என்ன செய்வது? வருசம் முழுக்க மாலையோடு இருக்க முடியுமா? இருந்தால் பிள்ளை எங்கிருந்து வரும்? இந்தக் குழப்பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் பைக் பேட்டரிக்குப் பதிலாக இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக் கொடுக்கப் போனான்.

சாயங்காலம் திவ்யா வேலையிலிருந்து வந்தாள். திருநகரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எதையும் தேதி வாரியாகக் கோப்பில் வைக்கிற கை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

"என்ன ஒண்ணும் சொல்லாமப் போற? நல்ல சேதிதான?"

"நல்ல சேதிதான் சாமி."

"மொகத்தப் பாத்தா அப்புடித் தெரியலயே?"

அவள் குழாயை மூடினாள். "அத்தைகிட்ட சொல்லிட்டீகளாமே, உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு. பக்கத்து வீடு வரைக்கும் போயிருச்சு. உங்களுக்கு இல்லன்னா அப்ப யாருக்கு சாமி?"

அவன் கையில் இருந்த போனை அணைத்தான்.

அவள் உள்ளே போய்ப் பச்சை நிறக் கோப்பு ஒன்றை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டாள். அருள்பாண்டி அதைத் திறந்தான். ஆறு வருசம். ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, வயிற்றில் துளை போட்டுப் பார்த்த சோதனை. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று அவள் துடித்துப் போனாள் என்று திவ்யாவின் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறான். அன்று அவன் ஒத்தக்கடையில் மஞ்சுவிரட்டு நடத்துவது பற்றிய ஒரு பேச்சுக்குப் போயிருந்தான். ஒவ்வொரு தாளின் கீழேயும் ஒரே விசயம்தான்: எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தக் கட்டு பேட்டரியைப் போலக் கனத்தது. அவன் பெயரில் இருந்தது ஐப்பசியில் எடுத்த அந்த ஒரே ஒரு தாள்.

அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இருநூற்று நாற்பத்தொன்று வந்ததும் அவன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த அந்த மாதத்தில் திவ்யா என்னமோ இலகுவாக இருந்தாள். தோசை சுடும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவன் தோளில் கை வைத்து, "பாத்துக்கலாம்ங்க" என்றாள். தன் கஷ்டத்தில் இவளுக்கு எப்படிப் பாட்டு வருகிறது என்று அவன் அன்று கோபப்பட்டுக்கூட இருக்கிறான். ஆறு வருசமாக அவள் தலையில் மட்டும் இருந்த பாரத்தில் பாதி அன்றுதான் இறங்கியிருக்கிறது. இன்று காலை ஒரு போனில் அதைத் திரும்ப ஏற்றி வைத்தது யார்? வேறு யார், இந்த மடையன்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நானூற்று முப்பத்தெட்டு நானூற்று முப்பத்தெட்டுதானே, அது பொய் இல்லையே என்றும் மனசு முண்டியது.

மறுநாள் அவன் தனியாகத் திருநகருக்குப் போனான். டாக்டர் சாருலதா திவ்யாவை மூன்று வருசமாகப் பார்ப்பவர். கறுப்பு வேட்டியோடு ஒரு ஆள் மகப்பேறு கிளினிக்கில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் இரண்டு ரிப்போர்ட்டையும் டப்பாவையும் மேசை மேல் வைத்தான். டப்பாவில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"டாக்டர், இதுல எது வேலை செஞ்சுச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. அதையே புடிச்சுக்கிறேன்."

அவர் டப்பாவைப் படித்தார், சிரிக்காமல் படித்தார். "இதுக்கு ஆரம்பத்துல ஒரு சின்ன ஆராய்ச்சி வந்தது சாமி. இருபத்தஞ்சு பேருக்கும் குறைவு, பன்னிரண்டு நாள்தான். ஹார்மோன் ஏறிச்சுன்னு எழுதினாங்க. டப்பா விக்கிறவங்க பிடிச்சுக்கிட்டது அதைத்தான். அப்புறம் உடற்பயிற்சி பண்றவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, ஏறல. அளவைக் கூட்டிக் கொடுத்தப்போ ஒரு ஆராய்ச்சியில இறங்கியே போச்சு. எலிக்கு மட்டும் நல்லா ஏறுது."

"நான் எலி இல்லையே டாக்டர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப இது வேலை செய்யுமா, செய்யாதா?"

"நம்புற அளவுக்கு ஆதாரம் இல்ல. உங்களுக்குச் செஞ்சுதான்னு கேட்டீங்கன்னா, கண்டுபிடிக்கவே முடியாது. எப்ப ஆரம்பிச்சீங்க?"

"கார்த்திகை ஒண்ணு."

"மாலை எப்ப போட்டீங்க?"

"கார்த்திகை ஒண்ணு." சொல்லும்போதே அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"குடி, சிகரெட் விட்டது?"

"அதுவும் கார்த்திகை ஒண்ணுதான் டாக்டர். பீடி."

"நேரத்துக்குத் தூங்க ஆரம்பிச்சது?"

சார்ஜ் நிற்காத வண்டிக்குப் பேட்டரியையும் டைனமோவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதுண்ணே கோளாறு என்று வந்து நிற்பவர்களை அவன் கடையில் எப்படித் திட்டுவான் தெரியுமா? ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்ததைத் தொடு என்று பதினைந்து வருசமாகக் கத்திக்கொண்டிருப்பவன் அவன். அதே முட்டாள்தனத்தைச் சூடம் காட்டிச் செய்திருக்கிறான்.

"நல்ல நாளுன்னு..." என்று இழுத்தான்.

டாக்டர் முதல் ரிப்போர்ட்டை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரத்தம் எடுத்த நேரம் பாத்தீங்களா? சாயங்காலம் அஞ்சு பத்து. தேதி... இது தீபாவளிக்கு மறுநாள் இல்ல?"

"காலையில போனா லேப்புல எல்லாம் தெரிஞ்ச ஆளுங்களா இருப்பாங்க டாக்டர். அதான் சாயங்காலமா, ஆளில்லாத நேரமாப் பாத்து..."

"முதல் நாள் தூங்குனீங்களா?"

"ரெண்டு நாளாச் சீட்டுக்கச்சேரி."

"சரக்கு?"

அவன் மாலையைத் தொட்டுக்கொண்டான். மாலை போட்ட வாயால் பொய் சொல்லக்கூடாது. "அதுவும்தான்."

"இந்த ஹார்மோன் காலையில கூட இருக்கும், சாயங்காலம் குறையும். தூக்கம் கெட்டா குறையும். சரக்கும் இறக்கலாம். அதான் நான் மருந்துச் சீட்டுல காலை எட்டுல இருந்து பத்துக்குள்ள, வெறும் வயித்துலன்னு எழுதியிருந்தேன். ரெண்டாவது டெஸ்ட் காலையில எடுத்திருக்கீங்க. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது."

"அப்ப எனக்குக் கொறை இருந்துச்சா, இல்லையா? இருந்து சரியாயிருச்சா? மொதல்ல இருந்தே இல்லையா?"

"தெரியாது சாமி."

நாற்பது நாள் பாயில் படுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்து, இரண்டு தடவை கையில் ஊசி குத்தி வாங்கியதற்கு, மதுரை ஜில்லாவிலேயே விசயம் தெரிந்த ஒரே ஆள் சொல்லும் பதில் இதுதான்: தெரியாது. அருள்பாண்டிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கு எது வந்தது என்று அவனுக்கே பிடிபடவில்லை.

டாக்டர் கணினியில் எதையோ தேடி எடுத்தார். "நான் ரெண்டு வருசம் முன்னாடி உங்க பேர்ல ரெண்டு டெஸ்ட் எழுதினேன். ரத்தம் ஒண்ணு. விந்துப் பரிசோதனை ஒண்ணு. குழந்தைக்காகப் பாக்கறப்போ முதல்ல எடுக்க வேண்டியது அதுதான். இந்த நம்பர் ஏறினாலும் இறங்கினாலும் அது இல்லாம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. திவ்யா எத்தனை தடவை இந்த மேசையில படுத்திருக்காங்க தெரியுமா? நீங்க சாம்பிள் எடுத்துக் கொடுக்கிற ஒரு சின்ன டப்பாவுக்குப் பயந்துட்டு இந்தப் பெரிய டப்பாவைக் குடிச்சிட்டு இருக்கீங்க."

அவன் குங்குமம் இட்ட டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"மலைக்குப் போயிட்டு வாங்க. வந்து ஒரு வாரம் கழிச்சு வாங்க. ரத்தமும் திரும்ப ஒரு தடவை எடுப்போம். காலையில." அவர் அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாளும் இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மா என்ன நினைப்பாள், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், அந்த டெஸ்ட்டில் ஏதாவது வந்துவிட்டால் என்ன ஆகும்? காலையில் டப்பாவைக் கையில் எடுப்பான், வைப்பான், மறுபடி எடுப்பான். ஒருநாள் குடித்தான், மறுநாள் விட்டான். திவ்யா தேவைக்கு மட்டும் பேசினாள். "சாமி, சாப்பாடு." "சாமி, துண்டு." அந்தச் சாமி என்ற வார்த்தை அவனைக் கம்பளிப்பூச்சி மாதிரி அரித்தது.

இருமுடி கட்டும் நாளும் வந்தது. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் காலை எட்டு மணிக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. குருசாமி விருமாண்டி, இருபத்திரண்டு தடவை மலையேறியவர், அருள்பாண்டியைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, கண் துளைத்துத் தண்ணீர் வடித்த தேங்காயை அவன் கையில் கொடுத்தார்.

"நெய் ஊத்துங்க சாமி. மனசுல உள்ளத நெனச்சுக்கிட்டு ஊத்துங்க. வேற பேச்சு கூடாது."

சரணம் சொல்லிக்கொண்டு அவன் நெய்யை ஊற்ற ஆரம்பித்தான். எதை நினைப்பது? நம்பர் இறங்காமல் இருக்க வேண்டும் என்றா? முதலில் இருந்தே நல்ல நம்பராக இருந்திருக்க வேண்டும் என்றா? பிள்ளை வேண்டும் என்று கேட்டால், கேட்கிற இடம் இதுதானா, திருநகரா? அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. ஐயப்பனுக்காவது விளங்கியதோ என்னமோ.

அப்போதுதான் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அவள் தன் அக்கா முத்துமீனாவிடம் ரகசியம் பேசுகிறாளாம். சின்னத்தாயின் ரகசியம் கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கும்.

"எம் மவனுக்கு ரிப்போட்டு வந்துருச்சுக்கா. அம்புட்டும் சுத்தமா இருக்கு. கொறை இவன்கிட்ட இல்ல. இனி அந்தப் பக்கந்தான் பாக்கணும். எம்புட்டு நாளைக்குத்தான் பொறுக்குறது, நீயே சொல்லு?"

"அதான! பெறகு என்ன, வேற வழியப் பாக்க வேண்டியதுதான்" என்றாள் முத்துமீனா.

திவ்யா இருமுடியில் அரிசி போட வரிசையில் நின்றிருந்தாள். கையில் அரிசித் தட்டு. தலையை நிமிர்த்தவில்லை. தட்டு மட்டும் லேசாகச் சாய்ந்தது, இரண்டு மூன்று அரிசி தரையில் சிந்தியது. அதை அவன் பார்த்தான்.

அருள்பாண்டி நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"ஊத்துங்க சாமி, நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் விருமாண்டி.

"கொஞ்சம் பொறுங்க சாமி." அவன் திரும்பினான். "யம்மா. அந்த ரிப்போட்டுல எதுவும் கெடையாது. அது எதனால ஏறுச்சுன்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவுக கேட்ட டெஸ்ட்டு வேற. ரெண்டு வருசமாக் கேக்குறாக. நான் எடுக்கல."

"என்ன சாமி சொல்றீக?"

"பயந்துக்கிட்டு எடுக்கலம்மா. எடுத்தா என்ன வருமோன்னு பயம். திவ்யாவுக்கு எடுக்காத டெஸ்ட்டு இல்ல, எல்லாம் நல்லா இருக்கு. கொறைன்னு ஒண்ணு இருந்தா அது இன்னும் யாரும் பாக்காத எடத்துலதான் இருக்கணும். அது நாந்தான். இனி அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு யாரும் பேச வேணாம்."

சின்னத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மகன் என்றால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மாலை போட்ட சாமியை என்ன கேட்பது? முத்துமீனா கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். விருமாண்டிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருசத்தில் இப்படி ஒரு இருமுடியை அவர் கட்டியதில்லை. கடைசியில் தொண்டையைச் செருமி, "சாமியே..." என்று இழுத்தார். நாலு பேர் மட்டும், "சரணம் ஐயப்பா" என்றார்கள்.

அருள்பாண்டி திரும்பி உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தான். நெய் விரலில் வழிந்தது. இப்போதும் எதை வேண்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல் தேங்காயை நிரப்பி, அடைப்பு வைத்து மூடினான்.

அடுத்து அரிசி. அம்மாதான் முதலில் போட வேண்டும், அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. திவ்யா முன்னால் வந்தாள். குனிந்து மூன்று கை அரிசி அள்ளிப் பையில் போட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் ஐப்பசியில் தோசை சுட்டபோது இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. மூன்றாவது கையைப் போடும்போது அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மலையிறங்கி வாங்க. ரெண்டு பேருமாப் போவோம். காலையில போவோம்ங்க, சாயங்காலம் வேணாம்."

மாலை கழுத்தில்தான் இருந்தது. அவள் சாமி என்று கூப்பிடவில்லை.